ரேஞ்சர் கேள்வி பதில்: டெர்மினலில் ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் தாவ

கேள்வி: டெர்மினலிலேயே ஓடும் ஃபைல் மேனேஜரான ரேஞ்சரைத் திறந்தால் மூன்று பத்தி தெரிகிறது. எது என்ன?

பதில்: நடுவில் நீங்கள் நிற்கும் ஃபோல்டர், இடப்பக்கம் அதற்கு மேலுள்ளது, வலப்பக்கம் கர்சர் நிற்கும் ஃபைலின் முன்னோட்டம். ஜே கீழே, கே மேலே, எல் உள்ளே, ஹெச் வெளியே. இந்த எழுத்துகளைப் பயன்படுத்தும் விம் எடிட்டர் பழக்கமில்லையென்றால் அம்புக்குறிகளே போதும்.

கேள்வி: எங்கெங்கோ உள்ளே போய்விட்டு க்யூ அழுத்தி வெளியே வந்தால் டெர்மினல் பழைய இடத்திலேயே நிற்கிறதே அண்ணா, இது பக் (புரோகிராமின் பிழை) தானா?

பதில்: பக் இல்லை தம்பி. லினக்ஸில் ஒவ்வொரு புராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமும்) தான் நிற்கும் ஃபோல்டரைத் தனியாக வைத்திருக்கிறது. ரேஞ்சர், உங்கள் ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) தொடங்கிவைத்த பிள்ளை புராசஸ், அது எங்கே போனாலும் ஷெல் இருந்த இடத்தை விட்டு நகராது. ஃபோல்டர் மாற்றும் சிடி (cd) கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே வைத்திருப்பதும் இதனால்தான். தனி புரோகிராமாக இருந்தால் தன் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு முடிந்துபோயிருக்கும். அதனால் ரேஞ்சரை சூஸ்டிர் (--choosedir) ஆப்ஷனுடன் ஒரு தற்காலிக ஃபைலின் பெயர் கொடுத்துத் திறங்கள். மூடும்போது கடைசியாக நின்ற பாதையை அதில் எழுதிவிட்டுப் போகும், அதைப் படித்து சிடி செய்யும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை பாஷ் ஷெல்லின் அமைப்பு ஃபைலான பாஷ்ஆர்சியில் (.bashrc) போட்டுவிட்டால் வேலை முடிந்தது. தனி ஸ்கிரிப்டாக எழுதி ஓட்டாதீர்கள், அதுவும் பிள்ளை புராசஸ்தான். எல்எஃப், யாசி போன்ற மற்ற டெர்மினல் ஃபைல் மேனேஜர்கள் எல்லாவற்றிலும் இதே வழிதான், ஆப்ஷன் பெயர் மட்டும் மாறும். அவசரமென்றால் பெரிய எஸ்: அதே ஃபோல்டரில் புது ஷெல் திறக்கும், எக்ஸிட் அடித்தால் மறுபடி ரேஞ்சர்.

கேள்வி: அடிக்கடி போகும் இடங்களுக்குச் சுருக்கு வழி?

பதில்: அங்கே நின்று எம், பிறகு ஏதாவது ஓர் எழுத்து. அடுத்த முறை ஒற்றை மேற்கோள் குறியும் அந்த எழுத்தும். ரேஞ்சரை மூடித் திறந்தாலும் நினைவிருக்கும். வேறெதையும் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அழித்த ஃபைலை எங்கே தேடுவது?

பதில்: குப்பைத்தொட்டியில் இருக்காது. சின்ன டி இரண்டு முறை என்றால் கட். சின்ன டி, பெரிய டி (dD) என்றால் நிரந்தர அழிப்பு: கீழே டெலீட் என்று வரும், என்டர் தட்டினால் போயிற்று, ஒற்றை ஃபைலுக்கு மறுகேள்விகூட இல்லை. கன்ஃபர்ம் ஆன் டெலீட் (confirm_on_delete) அமைப்பை 'எப்போதும்' (always) என்று இன்றே மாற்றுங்கள். சின்ன டி, பெரிய டீ (dT) போட்டால் குப்பைத்தொட்டிக்குப் போகும், அதைப் பழக்கமாக்குங்கள்.

கேள்வி: வெளியே வந்தால் பழைய ஃபோல்டரே வருகிறது, ஏன்?

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: 1994 முதல் இருக்கும் ஃபைல் மேனேஜர் மிட்நைட் கமாண்டரை (எம்சி) விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு? இரண்டு பலகம், எஃப்5 தட்டினால் காப்பி. ரேஞ்சரில் எடுத்த இடத்தை விட்டுப் போய்த்தானே ஒட்ட வேண்டும்?

பதில்: இரு இடங்களுக்கு நடுவே நாள் முழுக்க ஃபைல் நகர்த்துபவருக்கு எம்சிதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போகும் மரத்துக்குள் தேடி அலைபவருக்கு அது போதாது. மேலேயும் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

கேள்வி (அவரே): ரேஞ்சரில் இரண்டு பலகமே கிடையாதே!

பதில்: உண்டு. ஜி, என் அழுத்திப் புது டேப் திறந்து, டில்டா (~) குறியைத் தட்டுங்கள், டேப்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். காப்பிக்கு இரண்டு ஒய், ஒட்ட இரண்டு பி. எஃப்5 அளவு சுருக்கம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஃப்10 தட்டினால் சில டெர்மினல்களில் எம்சி மூடாமல் ஜன்னலின் மெனு திறக்கிறதே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?

கேள்வி (அவரே): எஸ்கேப், பிறகு பூஜ்யம். மூடிவிடும்.

பதில்: சரி, அது தெரிந்தவர்களுக்குச் சிக்கலில்லை.

கேள்வி: ஐநூறு படங்களின் பெயரை ஒரே நேரத்தில் மாற்ற முடியுமா சார்?

பதில்: ஸ்பேஸ் தட்டித் தேர்ந்தெடுத்து, முக்காற்புள்ளி, பல்க்ரீநேம் (:bulkrename). பெயர்களெல்லாம் உங்கள் எடிட்டரில் வரிவரியாகத் திறக்கும், மாற்றிச் சேமியுங்கள். உடனே மாற்றிவிடாது, மாற்றும் கட்டளைகளை ஸ்கிரிப்டாக எழுதி மறுபடி உங்களிடமே காட்டும். வரிவரியாகப் படியுங்கள். சந்தேகம் வந்தால் அதை முழுக்க அழித்துவிட்டுச் சேமித்து மூடுங்கள், ஒன்றும் நடக்காது. பழைய படங்களை நீக்கப் போகிறீர்கள் என்றால் பெரிய டி (D) வேண்டாம், பெரிய டீ (T).