வாசகர் கேள்வி–பதில்: காயில் முனையில் ஈயம் ஏன் பற்றவில்லை?

கேள்வி: வீட்டிலேயே செய்த இருவழி ஒலிபெருக்கிப் பெட்டிக்கு, உயர்ந்த ஒலிகளையும் தாழ்ந்த ஒலிகளையும் 3000 ஹெர்ட்ஸில் பிரிக்கும் கிராஸ்ஓவர் சுற்றை அமைத்திருக்கிறேன். டுவீட்டருக்கு (உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) தொடராக 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும், இணையாக 0.6 மில்லிஹென்றி காயிலும் (செம்புக்கம்பிச் சுருள்) உள்ளன. 25 வாட் சால்டரிங் அயர்னால் பற்றவைத்தேன். ஒலியைக் கூட்டினால் டுவீட்டர் கரகரக்கிறது. காயில் கம்பியை அழுத்தினால் நின்றுவிடுகிறது. மேலும் மேலும் ஈயம் வைத்தும் பயனில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: கம்பியை அழுத்தியதும் கரகரப்பு நிற்பதால், பழுது காயில் முனையில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை பெட்டியை உரத்து ஒலிக்க விடாதீர்கள். கெப்பாசிட்டரைத் தாண்டி வரும் தாழ்ந்த அதிர்வெண்களை அந்தக் காயில்தான் விலக்குகிறது. அதன் இணைப்பு விட்டுப்போனால் டுவீட்டர் ஊமையாகாது, ஆனால் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் என்றிருந்த வடிகட்டல் 6 டெசிபலாகக் குறைந்து, டுவீட்டர் தாங்க முடியாத தாழ்ந்த ஒலிகள் அதனுள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலை எட்டத் தொடங்கும்.

காயில் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது. சில மெல்லிய கம்பிகளில் அது அயர்ன் சூட்டிலேயே உருகிவிடும். கிராஸ்ஓவருக்குச் சுற்றும் தடித்த கம்பிகளில் பெரும்பாலும் உருகாது. பூச்சு இருக்கும்வரை எவ்வளவு ஈயம் வைத்தாலும் அது கம்பியைச் சுற்றி உருண்டு நிற்குமே தவிர, செம்பைப் பற்றாது. எனவே பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, முனையில் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு உப்புத்தாளால் நான்கு புறமும் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகு, அந்த முனைக்கு மட்டும் தனியாக ஈயம் பூசிப் பாருங்கள். ஈயம் கம்பியோடு ஒட்டி மெல்லிய படலமாகப் பரவினால் பூச்சு போய்விட்டது என்று பொருள். திட்டுத் திட்டாக ஒதுங்கினால் மறுபடி தேய்க்க வேண்டும்.

அடுத்தது சூடு. ஒரு மில்லிமீட்டர் செம்புக்கம்பி வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால், 25 வாட் அயர்னை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க நேர்கிறது. 60 வாட் அயர்னை அகன்ற முனையோடு மூன்று நான்கு விநாடி வைத்து எடுப்பதே பாகங்களுக்குப் பாதுகாப்பு. 60/40 ஈயம் (60% வெள்ளீயம், 40% காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டரின் உள்ளே இருக்கும் படலமோ ஏறத்தாழ 165 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே கெப்பாசிட்டரின் கம்பிக்காலை ஒட்ட நறுக்காமல், உடலுக்கும் இணைப்புக்கும் நடுவில் மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு பற்றவையுங்கள்.

கம்பியை முதலில் முனையத்தில் கொக்கிபோல் வளைத்து இறுக்கி, அயர்னால் இணைப்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே ஈயம் உருகும்படி செய்யுங்கள். உறையும் வரை எதுவும் அசையக் கூடாது. ரோசின் (பற்றவைக்க உதவும் பிசின்) உள்ள ஈயக்கம்பியே போதும். தகர வேலைக்கு விற்கும் அமிலத்தைத் தொடவே வேண்டாம், அது நாளடைவில் செம்பை அரித்துவிடும். பெட்டிக்குள் எப்போதும் அதிர்வு இருப்பதால், காயிலின் எடை பற்றவைப்பின்மேல் தொங்காதபடி அதைப் பலகையோடு கேபிள் டையால் கட்டிவிடுங்கள். கட்டுவதற்கு இரும்பு போல்ட்டைப் பயன்படுத்தினால் காயிலின் மதிப்பே மாறிவிடும்.

கடைசியாக, டுவீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டு, காயில் இணைந்துள்ள இரு முனையங்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாக, கம்பியை அசைத்தாலும் மாறாமல் காட்ட வேண்டும்.

கேள்வி: வெள்ளி கலந்த ஈயத்தால் ஒலி தெளிவாகுமா?
– வாசகர், மதுரை

பதில்: ஆகாது. நல்ல இணைப்பின் மின்தடை, காயில் கம்பியின் மின்தடைக்கு முன் கணக்கில் வராத அளவு சிறியது. அந்தப் பணத்தில் இன்னும் தடித்த கம்பியில் சுற்றிய காயிலை வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) பக்கம் வாங்கிப் போடுங்கள்; அங்கே குறையும் மின்தடையை அளந்தே பார்க்கலாம்.