பஞ்சு ஏன் சும்மா இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். மகள் ஆசைப்பட்டாள் என்று பஞ்சு என்ற முயலை வளர்க்கிறோம். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்குத் தன் பெயர் தெரியுமா? மற்றபடி தொல்லையே இல்லை. கூண்டு சமையல் மேடைக்குக் கீழேதான், மிக்சி ஓடினாலும் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். எலி வராமலிருக்கப் பக்கத்திலேயே எலி விரட்டும் மிஷின் மாட்டியிருக்கிறேன். ராத்திரியில் மட்டும் காலால் தரையை அடிக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தீனி கொடுக்கும்போதெல்லாம் ஒரே குரலில் கூப்பிடுங்கள், பழகிவிடும். அதை விடுங்கள். 'தொல்லையே இல்லை' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒரு வெள்ளை முயல் வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் குடித்தனம். ஒரு காது வாசலில் போகும் கன்டெய்னர் லாரிக்கு, இன்னொன்று அடுப்படியில் கொத்தமல்லிக் கவர் பிரியும் சரசரப்புக்கு. முயலின் இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்பும். தெருவில் சாவு மேளம் கேட்டால் பின்னங்காலால் தொம்மென்று ஒரு அடி, உடனே மூலைக்கு ஓட்டம். மேளம் தெருமுனை தாண்டிய பிறகுதான் மூக்கு வெளியே வரும். "வந்துட்டாருப்பா வாட்ச்மேன்" என்பார் அக்கா.

அதற்கு ஓட ஒரு மூலை இருந்தது. பஞ்சுவுக்கு எது? அசைந்தால் மாட்டிக்கொள்வோம் என்று உறைந்துபோவது முயலின் சுபாவம். மிக்சி ஓடும்போது குனிந்து பாருங்கள் தம்பி: காது முதுகோடு ஒட்டியிருக்கும், கண் பிதுங்கியிருக்கும். அது சாதுவாக இல்லை, நடுங்கிக்கொண்டிருக்கிறது. காலால் அடிப்பது ஆபத்து என்ற எச்சரிக்கை. நீங்கள் புரண்டு படுக்கிறீர்கள்.

அப்புறம் அந்த மிஷின்! சத்தம் கீச்சிடக் கீச்சிட ஹெர்ட்ஸ் கணக்கு ஏறும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு சரி. முயலுக்கு 40,000 தாண்டியும் கேட்கும். எலிக்காக அந்த மிஷின் கத்துவது நமக்குக் கேட்காத அந்த எல்லையில்தான். உங்களுக்கு நிசப்தம், பஞ்சுவுக்கு விடிய விடிய சைரன். காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறீர்கள்! இன்றைக்கே பிடுங்குங்கள். எலிக்குப் பொறி வையுங்கள், முயலுக்கு எட்டாத இடத்தில்.

உங்கள் பக்கம் ஓடும் கூட்ஸ் வண்டியையும் சாவு மேளத்தையும் நாம் நிறுத்த முடியாது. கூண்டை மேடையடியிலிருந்து நகர்த்தி, இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டியை உள்ளே வையுங்கள். கீழே சாக்கு விரியுங்கள். தீபாவளிக்கு முன்பே பழக்கிவிடுங்கள். வெடிச் சத்தத்துக்குப் பிறகு அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடல் நின்றுபோனால் முயல் தாங்காது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோ பிடியுங்கள்.