நட்டத்தை யார் தாங்குவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பேர்ணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2020 மார்ச்சில் எஸ் பேங்க் தடுமாறியபோது இரண்டே வாரத்தில் பத்தாயிரம் கோடி திரட்டித் தூக்கி நிறுத்தினார்கள். அதே மாதக் கடைசியில் ஊரடங்கு. எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கும் பெண்களுக்கு ரேஷன் கடையில் கிடைத்தது ஆயிரம் ரூபாய். வங்கி மூழ்கினால் மூழ்கட்டும், அந்தப் பணத்தை மக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. நான் நினைப்பது தப்பா?

இன்னொன்று. அம்மா ரிடையர் ஆகி ஏழு லட்சம் வந்திருக்கிறது. வங்கியில் போடவே பயப்படுகிறார். என்ன சொல்வது?

உங்கள் வாசகன்,
பேர்ணாம்பட்டு

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயம். ஆனால் எஸ் பேங்க் விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி. அந்தப் பத்தாயிரம் கோடியில் 6,050 கோடி ஸ்டேட் பேங்க் போட்டது, மீதியை ஆறு தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனமான எச்.டி.எஃப்.சி.யும் போட்டன. பங்கு வாங்கிக்கொண்டு போட்ட முதலீடு அது, இனாம் இல்லை. தமிழ்நாட்டு ரேஷன் கார்டுகளுக்கு மட்டும் பிரித்திருந்தாலும் கார்டுக்கு ஐயாயிரம் வந்திருக்கும். அந்த ஐயாயிரம் நிச்சயம் தேவைப்பட்டது. ஆனால் வங்கியை மூழ்கவிட்டு அதைக் கொடுத்திருந்தால் வேறொரு கையால் பிடுங்கியிருப்பார்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேசையிலிருந்தே பாருங்கள். வெளிநாட்டு ஆர்டர் கைக்கு வந்ததும் கம்பெனி வங்கியில் பேக்கிங் கிரெடிட் வாங்குகிறது, அதாவது சரக்கு ஏற்றுமதியாகும் முன்பே கிடைக்கும் கடன். தோலுக்கும் சோலுக்கும் பசைக்கும், மாதச் சம்பளத்துக்கும் அந்தப் பணம்தான். சரக்கு சென்னைத் துறைமுகம் போய், கப்பலேறி, பில் பணம் திரும்பி வர மாதக்கணக்காகும். நடுவில் வங்கி கதவைச் சாத்தினால் முதலாளி எங்கோ கடன் புரட்டுவார், கார் ஓடும். தையல் பெண்ணின் சம்பளம்தான் முதலில் நிற்கும். அவளுடைய சேமிப்பும் அதே வங்கியில் இருந்தால் இரண்டும் ஒரே நாளில் போகும். 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடியபோது அப்படித்தான் சின்னச் சின்னச் சேமிப்புக்காரர்கள் தவித்தார்கள். அதற்குப் பிறகுதான், 1962-ல், இந்தியாவில் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்தது.

அதனால் நான் கேட்பது வேறு கேள்வி. காப்பாற்றும்போது நட்டம் யார் தலையில் விழுகிறது?

2020 நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி நின்றது. பத்து நாளில் சிங்கப்பூரைச் சேர்ந்த டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு சேர்த்தார்கள். டெபாசிட் போட்டவர்கள் ஒரு ரூபாயும் இழக்கவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம். 318 கோடி ரூபாய் கடன் பத்திரங்களும் பூஜ்யம். அந்தப் பங்குகளைத் தலைமுறையாக வைத்திருந்த குடும்பங்களுக்காக எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் இந்த வரிசைதான் சரி: லாபத்தில் பங்கு கேட்டு வந்தவர் முதலில் இழக்க வேண்டும், பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டவர் கடைசியில்.

இந்த வரிசை தலைகீழாகும் இடத்துக்குத்தான் உங்கள் கோபம் போக வேண்டும். பொதுத்துறை வங்கிகள் இரும்பு, மின்சாரம், சாலை என்று பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன் வராமல் போனது. ஓட்டையை அடைக்க மத்திய அரசு 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. அதில் பெரும்பகுதி நம் எல்லோர் தோளிலும் ஏறிய கடன். மகளிர் குழுவில் ஒரு தவணை தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்கிறான். ஆயிரக்கணக்கான கோடி தவறினால் பேச்சுவார்த்தை நடக்கிறது, பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்கிறார்கள். இதை என்னால் எந்தக் காலத்திலும் ஏற்க முடியாது.

அமெரிக்காவும் 2008-ல் இதையே செய்தது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலருக்கு நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. வீட்டுக்கடனில் வீடு பறிபோக இருந்தவர்களுக்கு அதிலிருந்து ஒதுக்கியது 5,000 கோடி டாலருக்கும் குறைவு. அதே ஆண்டு ஐஸ்லாந்தில் மூன்று பெரிய வங்கிகளும் விழுந்தன. உள்ளூர் மக்களின் டெபாசிட்டைப் புது வங்கிகளுக்கு மாற்றிவிட்டு, வெளிநாட்டுக் கடன்காரர்களை நட்டம் தாங்க வைத்தார்கள். வீட்டின் மதிப்பைத் தாண்டி ஏறிய கடனைக் குறைத்தார்கள். வங்கி நடத்தியவர்களில் சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். சின்ன நாடு, அங்கே முடிந்தது என்பார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க நாட்டின் அளவு தேவையில்லை.

அந்த ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். அரசு கொடுத்தது கொஞ்சம் என்பதைவிட, கொடுக்கச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. டெபாசிட்டுக்குச் சட்டம் இருக்கிறது: வங்கி முடங்கினால் 90 நாளில் ஐந்து லட்சம் வரை கொடுத்தாக வேண்டும். கூலி நின்றால் எல்லோருக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2020-ல் ஆயிரம், 2021-ல் இரண்டு தவணையாக நாலாயிரம், எல்லாம் அறிவிப்பு வந்தால் உண்டு. பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் உரிமைத்தொகை போய் விழுந்ததே.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.-யில் வேலை இழந்தவருக்குக் கொடுக்கும் உதவி ஒன்று உண்டு. 2020-ல் அதைச் சம்பளத்தில் 25 சதவிகிதத்திலிருந்து 50 ஆக, 90 நாள் வரைக்கும் உயர்த்தினார்கள். உங்கள் கம்பெனிப் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள். வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. அட்டையே இல்லை. தொழில் நின்றால் கூலியில் பாதி தானாகக் கணக்கில் ஏற வேண்டும், அட்டை இருக்கிறதா என்று பார்க்காமல். நாம் கேட்க வேண்டியது இதை.

அம்மாவிடம் சொல்லுங்கள்: ஐந்து லட்சம் என்பது ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. இரண்டு கிளையில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்காகத்தான் எடுப்பார்கள். ஆகவே இரண்டு வெவ்வேறு வங்கிகளில் பாதிப் பாதியாகப் போடட்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது. அங்கே நகைக்கடன் வாங்கலாம், இந்தத் தொகையைப் போட வேண்டாம். மாதம் லட்சத்துக்கு இத்தனை ஆயிரம் தருகிறோம் என்று யார் வந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2022-ல் வேலூரிலும் ஆரணியிலும் அப்படிக் கொடுத்தவர்கள் இன்னும் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணா