சேலத்துல வாடகை வீட்ல இருக்கோம், வருமானம் கம்மி, புதுசா ரேஷன் கார்டு போட்டா அரிசி கிடைக்குமா?

நீங்க கேட்டது இதான, கல்யாணம் ஆகி தனியா வந்துட்டோம், கூலி வேலை, சம்பளச் சீட்டுன்னு ஒண்ணும் கிடையாது, வீடும் வாடகை, கார்டு குடுப்பாங்களான்னு. குடுப்பாங்க, அரிசியும் வரும். நம்ம தமிழ்நாட்ல வருமானத்தப் பாத்து அரிசி கார்டு குடுக்கற முறை இல்லீங்க, எல்லாருக்கும் பொதுதான், 2011 ஜூன்ல இருந்து அரிசிக்கு காசும் கிடையாது. அதனால வருமானச் சான்று வாங்கித் தரேன்னு தாலுகா ஆபீஸ் வாசல்ல எவனாச்சும் நின்னு காசு கேட்டா திரும்பிக்கூட பாக்காதீங்க, புது கார்டு விண்ணப்பத்துல அதக் கேக்கறதே இல்ல. சிக்கல் வர்றது ரெண்டு எடத்துலதான், ஒண்ணு பழைய கார்டுல இருந்து பேரு எடுக்கறது, இன்னொண்ணு நீங்க தனி வீட்ல தனி அடுப்புல ஆக்கறீங்கன்னு காட்டறது.

மொதல்ல பேரு. எனக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் அம்மா கார்டுல பேரு இருந்துச்சு, எங்க ஊட்டுக்காரருக்கு ஆத்தூர்ல மாமியார் கார்டுல. ரெண்டுலயும் எடுத்தாத்தான் புது விண்ணப்பம் போகும், ஏன்னா ஆதார் நம்பர் ஏற்கனவே ஒரு கார்டுல கோத்துக் கெடக்கு, ஒரே ஆதார் ரெண்டு கார்டுல இருக்க முடியாது. பேரு எடுக்கறது ஆன்லைன்லயே செய்யலாம், காரணம் கல்யாணம்னு போட்டு சர்ட்டிபிகேட் ஏத்தணும், ஆனா ஓடிபி போறது அந்தக் கார்டுல பதிஞ்ச போனுக்கு. எங்க மாமியார் கார்டுல இருந்த நம்பரு ரீசார்ஜ் பண்ணாம செத்துப்போன நம்பரு, அத தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து மாத்தின பின்னாடிதான் வேலை நகந்துச்சு. மலை மேல இருக்கற அம்மாவுக்கு போன் இருக்கு, டவர் இல்ல, எஸ்டேட் மேட்டுக்கு ஏறி நின்னு ஓடிபி படிச்சு சொன்னாங்க, அதுக்குள்ள டைம் முடிஞ்சு மறுபடியும் அனுப்பி, அது ஒரு கூத்து.

ஓடிபி கூட பரவால்லீங்க, மாமியார் மனசு வைக்கணும் பாருங்க, அதான் பெருசு. பேரு எடுக்கலாம்னு சொன்னதும் முகம் வாடிருச்சு. ஏன்னா மூணு பெரியவங்க இருந்தா மாசம் 20 கிலோ, ஒருத்தர் போயிட்டா 16 கிலோ. அந்த 4 கிலோ போகுதேன்னு யோசிக்கறத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், எங்க ஊர்ல ரேஷன் புழுங்கல்தான் இட்லி மாவுக்கே, 4 கிலோன்னா பல நாள் பலகாரம். நான் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன்: இப்போ உங்க கார்டுக்கு 20, அம்மாவும் நானும் இருக்கற கார்டுக்கு 16, ஆக 36. பிரிச்சுட்டா உங்களுக்கு 16, அம்மா ஒத்த ஆளுக்கு 12, எங்க ரெண்டு பேருக்கு 16, மொத்தம் 44, குடும்பத்துக்கு 8 கிலோ கூடத்தான் வருது, உங்களுக்கு குறையறத நாங்களே கொண்டாந்து குடுத்தர்றோம்னு சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் பேசல, சரி எடுத்துக்கங்கன்னுட்டாங்க. உங்க ஊட்லயும் பேரு எடுக்க இழுத்தடிச்சாங்கன்னா சண்டை போடாதீங்க, இந்தக் கணக்கப் போட்டுக் காட்டுங்க.

அடுத்தது அட்ரஸ். நாங்க இருக்கறது லைன் வீடு, ஒரே கரண்ட் மீட்டர், பில்லு ஓனர் பேர்ல. வாடகை ஒப்பந்தம் எழுதிக் குடுங்கன்னு கேட்டா ஓனருங்களுக்கு பயம், நாளைக்கு காலி பண்ண மாட்டாங்களோ, வரி ஏத்திருவாங்களோன்னு. எங்க ஓனரும் முடியாதுன்னுட்டாரு. ஆனா அட்ரஸ் ப்ரூப்புக்கு கேஸ் புக்கும் செல்லும், பேங்க் பாஸ்புக் மொதப் பக்கமும் செல்லும், இது நெறய பேருக்கு தெரியறதில்ல. கேஸ் கனெக்சன இந்த வீட்டு அட்ரஸுக்கு மாத்தி, அந்த அட்ரஸ வச்சு ஆதார்லயும் திருத்திட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா கேள்வி குறையும்.

டி.என்.பி.டி.எஸ்னு தமிழ்நாடு ரேஷன் சைட் இருக்கு, அதுல விண்ணப்பம் போட ஒரு பைசா கிடையாது, போன்லயே போடலாம். குடும்பத் தலைவி போட்டோ, எல்லாரோட ஆதார், அட்ரஸ் ப்ரூப், கேஸ் விவரம், அவ்வளவுதான். தமிழ்லயும் பேரு டைப் பண்ணச் சொல்லும், அதுல எழுத்துப் பிழை வராம பாருங்க, அப்புறம் திருத்தம் போட்டு அலையணும். கார்டு வகைல அரிசின்னு தேர்ந்தெடுங்க, அவசரத்துல சர்க்கரைய அமுக்கிட்டா அரிசி வராது, பண்டகமில்லா அட்டைன்னு ஒண்ணு இருக்கு, அது அடையாளத்துக்கு மட்டுந்தான். கடைசில வர்ற ரெஃபரன்ஸ் நம்பர போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

அப்புறம் விசாரணைக்கு ஆள் வருவாங்க. எங்களுக்கு வந்தவர் மொதல்ல பாத்தது அடுப்பத்தான், குனிஞ்சு சிலிண்டர் டியூப் சொருகி இருக்கான்னு பாத்தாரு, அரிசி டப்பா எதுன்னு கேட்டாரு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட இவங்க தனியாத்தான் ஆக்கறாங்களான்னு கேட்டாரு. ஒரே வீட்ல ரெண்டு கார்டு எடுத்துரக்கூடாதுன்னு பாக்கறாங்க, அது நியாயம்தான். ஆனா பகல்ல வர்றப்ப ரெண்டு பேருமே வேலைக்குப் போயிருந்தா வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதி விண்ணப்பத்த தள்ளிருவாங்க, கூலிக்காரங்களுக்கு இதான் பெரிய இம்சை, பகல்ல வீட்ல உக்காந்தா எப்படிங்க வேலை நடக்கும். நம்பர் தெரியாத போன் வந்தாலும் அந்த மாசம் எடுத்துப் பேசுங்க, பக்கத்து வீட்லயும் சொல்லி வைங்க. தள்ளுபடி ஆனா திரும்பவும் போடலாம், காரணம் புரியலேன்னா மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை தாலுகா அளவுல ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், அங்க ரெஃபரன்ஸ் நம்பரோட போயி கேளுங்க, இல்லேன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு. ரேஷன் உதவி நம்பர் 1967க்கும் போன் அடிக்கலாம்.

கார்டு வந்ததும் அதுல உள்ள எழுத்தப் பாருங்க. பி.எச்.எச்னா முன்னுரிமை, என்.பி.எச்.எச்னா முன்னுரிமை இல்லாதது. அக்கம்பக்கம் பயமுறுத்துவாங்க, என்.பி.எச்.எச் வந்தா ஒண்ணும் கிடைக்காதுன்னு, அது பொய். வெறும் என்.பி.எச்.எச்சா இருந்தா அரிசி ஓசிதான், பருப்பு 30 ரூவா, பாமாயில் 25 ரூவா, சக்கரை 25 ரூவா, எல்லாம் உண்டு. பின்னாடி எஸ்னு இருந்தாத்தான் அரிசி இல்லாத சர்க்கரை கார்டு. வித்தியாசம் பெருசா தெரியறது அந்தியோதயால, குடும்பத்துக்கு 35 கிலோ. ஆதரவில்லாத விதவைங்க, மாற்றுத்திறனாளிங்க மாதிரி ரொம்ப முடியாதவங்களுக்கு அது. எங்கம்மா விதவை, எஸ்டேட்ல காப்பி பழம் பறிக்கறவங்க, பேரு பிரிஞ்ச பின்னாடி அவங்களுக்கு மனு குடுத்து அப்படித்தான் மாத்தினோம், நாள் ஆச்சு ஆனா நடந்துச்சு. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு தகுதி இருந்தா கட்டாயம் எழுதிக் குடுங்க, தானா வந்து யாரும் மாத்த மாட்டாங்க.

கைரேகை பத்தி ஒண்ணு. எங்க ஊட்டுக்காரருக்கு கொலுசுப் பட்டறைல பத்த வச்சு ஆசிட்ல அலசி வெரல் ரேகையே தேஞ்சு போச்சு, மிஷின் எடுக்காது, அம்மாவுக்கும் அதே கதை. ரேகை விழலேன்னு கடைக்காரர் திருப்பி அனுப்பினா கண்ணு வச்சு பாக்கற மிஷின் இருக்கான்னு கேளுங்க, இல்லேன்னா அதே கார்டுல பேரு இருக்கற வேற ஆளு வெரல வைக்கலாம். பி.எச்.எச், அந்தியோதயா கார்டுன்னா உறுப்பினர் எல்லாரும் ஒருதடவ கடைல போயி ரேகை பதிஞ்சுரணும், அத விட்டா பேருக்கே ஆபத்து. வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிங்களுக்கும் 2025 ஆகஸ்ட்ல இருந்து தாயுமானவர் திட்டத்துல வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க, வயசும் தகுதியும் கடைல கேட்டா சொல்லுவாங்க.

புது கார்டு வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னா, பேரு எடுக்கறதுக்கு முன்னாடி பழைய கார்ட வச்சு சேலத்துல எந்தக் கடைலயும் வாங்கலாம், 2020 அக்டோபர்ல இருந்து அந்த வசதி இருக்கு, ஆனா ஒரு கார்டுக்கு மாசம் ஒரு பங்குதான், நீங்க இங்க வாங்கிட்டா அங்க அவங்களுக்கு இல்ல. அதனால பேரு எடுத்த அன்னிக்கே புது விண்ணப்பத்தையும் போட்டுருங்க, நடுவுல இடைவெளி விட்டா அவ்வளவு நாளும் வெளிக்கடைல காசு குடுத்து வாங்கற அரிசிதான். அப்புறம், நெறய பேரு ஆயிரம் ரூவா மகளிர் உரிமைத்தொகைக்காகத்தான் கார்டே போடறாங்க, கார்டு வந்தா அது தானா வந்துராது, அதுக்கு தனியா விண்ணப்பிக்கணும், அதுக்கான தகுதிக் கணக்கும் வேற.