ஒரே ஆட்டம், இரண்டு பேர்

கேள்வி: மைனர் லீக் பேஸ்பால் வீரர் பெர்ட் ஷெப்பர்டு, இரண்டாம் உலகப் போரில் ஒரு காலை இழந்தும், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் ஒரே ஆட்டத்தில் பந்தெறிந்தாராமே! பாவம், போர்க்காயம் அவர் ஆட்டத்தையே முடித்துவிட்டதல்லவா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தப் 'பாவம்' வேண்டாம். 1944 மே 21 அன்று ஜெர்மனியின் மேல் பி-38 போர்விமானத்தில் பறந்தபோது சுடப்பட்டு விழுந்து, முழங்காலுக்குக் கீழே வலது காலை இழந்து, சக கைதியான கனடாக்காரர் ஒருவர் செய்து கொடுத்த பொய்க்காலைக் கட்டிக்கொண்டு முகாமிலேயே பந்தெறிந்து பழகியவர் அவர். கைதிகள் பரிமாற்றத்தில் நாடு திரும்பியதும் பேஸ்பால்தான் ஆடுவேன் என்று நின்றார். போர்த்துறைத் துணைச் செயலர் ராபர்ட் பேட்டர்சன் சொல்லிவைத்ததால் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியில் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். அவரைப் போன்ற இடக்கைப் பந்தெறிவாளர் பந்தை விடும் கணத்தில் உடம்பின் பாரமெல்லாம் வலது காலில்தான் இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

1945 ஆகஸ்ட் 4 அன்று வாஷிங்டனுக்கு எதிராகப் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் மட்டும் 12 ஓட்டங்களைக் குவித்தது. மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நிற்க, ஷெப்பர்டை இறக்கினார்கள். எதிரே மட்டையுடன் நின்றவர் ஜார்ஜ் மெட்கோவிச், செல்லப்பெயர் 'கெளுத்தி'. மீன்பிடிக்கப் போன இடத்தில் கெளுத்தியை மிதித்துக் காலைப் புண்ணாக்கிக்கொண்டதால் வந்த பெயர் அது. போரில் காலைக் கொடுத்தவர், மீனிடம் காலைக் கொடுத்தவரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அதாவது பந்தெறிந்தே ஆட்டமிழக்க வைத்தார். போர்க்காயத்துக்குப் பதக்கம் உண்டு, கெளுத்திக் காயத்துக்குப் பட்டப்பெயர்தான் என்று அன்றைக்கு மெட்கோவிச்சுக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அதன்பின் ஆட்டம் முடியும்வரை ஷெப்பர்டே எறிந்தார். மொத்தம் 16 பேரை ஆட்டமிழக்கச் செய்து, 3 ஹிட்டும் ஒரே ஓட்டமும் கொடுத்தார். ஆட்டம் 15-4 என்று தோற்றுப்போனது அவரால் அல்ல. அவருக்கு முன் எறிந்த ஜோ கிளியரி, இரண்டு கால்களும் திடமாக உள்ளவர், ஒரே ஒருவரை ஆட்டமிழக்கச் செய்து 7 ஓட்டங்களை வாரி வழங்கினார். அவருடைய மேஜர் லீக் சராசரி, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை ஓட்டம் கொடுப்பார் என்ற கணக்கு, இன்றும் 189.00 என்றே பதிவாகியிருக்கிறது. அவருக்கும் அதுவே முதலும் கடைசியுமான மேஜர் லீக் ஆட்டம். ஒரே பிற்பகலில் ஒருவர் சொதப்பினார், ஒருவர் சாதித்தார். நிர்வாகம் இருவருக்கும் ஒரே கூலியைக் கொடுத்தது.

நம் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களோடு எனக்குள்ள பழைய வழக்கும் இதுதான். பொய்க்காலைக் காட்டிக் கைதட்டல் வாங்குவார்கள்; 16 அவுட்டைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வாஷிங்டன்காரர்களும் அதே ரகம். அம்மாதக் கடைசியில் இரு ஆட்டங்களுக்கு நடுவே மைதானத்தில் நிறுத்தி, அவருக்கு விமானப்படை வீரப்பதக்கம் அணிவிக்க இடம் கொடுத்தார்கள். பந்தை மட்டும் மறுபடி கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்துபோனது என்பதும் முழு உண்மையல்ல. காலில் மறுபடி அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டும், மைனர் லீகில் திரும்ப ஆடினார். 1949 இல் வாட்டர்பரி அணியை ஆட்டக்காரராக இருந்தபடியே நடத்தினார். உறுப்பிழந்தோருக்கான அமெரிக்க கோல்ஃப் பட்டத்தை 1968 இலும் 1971 இலும் வென்றார்.

ஒற்றைக்காலரை நம்பி எப்படி இறக்குவது, பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினால் குனிந்து எடுப்பாரா என்று நிர்வாகம் தயங்கியிருக்கலாம். நியாயமான தயக்கந்தான். ஆனால் அந்த 1945 இல், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் பட்டத்தை வாஷிங்டன் டெட்ராய்ட்டிடம் இழந்தது வெறும் ஒன்றரை ஆட்ட வித்தியாசத்தில்.