கொள்ளிடத்தின் இழுப்பு: ஆறு தடம் மாறுவது பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

முப்பது ஆண்டுகள் ஆற்றுக்கரைகளிலும் மதகுகளிலும் வேலை பார்த்துவிட்டு, பெரிய ஆறு எதுவும் கண்ணில் படாத கோத்தகிரி மேட்டில் வந்து குடியேறியவன் நான். மழைக்காலம் வந்தால் போதும், மலையில் உள்ள நண்பர்கள் ஆறுகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் இருந்ததால் மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

ஒரு பெரிய ஆறு ஒரே வெள்ளத்தில் வேறு பாதைக்குப் போய்விடுமா? (ஆசிரியை, குன்னூர்)

போய்விடும் அம்மா. 2008 ஆகஸ்ட் 18 அன்று கோசி ஆறு போயிற்று. நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைப்பெடுத்தது. ஆறு 120 கிலோமீட்டர் வரை கிழக்கே தள்ளி, தான் எப்போதோ கைவிட்ட பழைய தடங்களில் இறங்கி ஓடியது. பிகாரில் 30 லட்சம் பேருக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டார்கள். கரை கட்டிய நாளிலிருந்து கோசியின் வெள்ளத்தையே பார்த்திராத ஊர்கள் அவற்றில் பல.

அன்று ஆற்றில் வந்தது பெருவெள்ளம் அல்ல என்பதுதான் என்னை உறுத்துகிற விஷயம். கரைகள் 9.5 லட்சம் கன அடிக்குக் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டவை. உடைந்த அன்று வந்த தண்ணீர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பெருவெள்ளம் இல்லையென்றால் பிறகு எதனால்? (சிறு தேயிலை விவசாயி, பந்தலூர்)

உங்கள் தோட்டத்துக் கானை, அதாவது வடிகாலை, போய்ப் பாருங்கள். இரண்டு வருடம் கான் வெட்டாமல் விட்டால் என்ன ஆகிறது? மண் வந்து படிந்து கானின் அடி மேலேறுகிறது. ஒரு நாள் சாதாரண மழையில் தண்ணீர் கானை விட்டு வெளியேறி, செடிகளுக்கு நடுவே புதுப் பள்ளம் பறித்துக்கொண்டு போகிறது. அதன்பிறகு கானில் சொட்டுத் தண்ணீர் வராது.

ஆறும் அப்படியே. சமவெளியில் இறங்கியதும் வேகம் குறைந்து, கொண்டுவந்த வண்டலைப் போட்டுவிடுகிறது. படுகை உயர்கிறது. நாம் இரண்டு பக்கமும் கரை எழுப்பினால், வயலில் பரவவேண்டிய வண்டலும் கரைகளுக்கு நடுவிலேயே படிகிறது. கடைசியில் ஆறு ஊரைவிட உயரத்தில் ஓடுகிறது. கோசி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. சீனாவின் மஞ்சள் ஆறு இன்னும் மோசம். அது 1855-இல் தெற்குப் பாதையை விட்டுவிட்டு ஷாண்டோங் தீபகற்பத்துக்கு வடக்கே போய்க் கடலில் விழுந்தது. படுகை உயர்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் அதைவிடச் சரிவான வழி ஒன்று இருக்க வேண்டும். இந்த இரண்டும் கூடிவிட்டால் வெள்ளம் வெறும் சாக்கு.

கரையை இன்னும் உயர்த்திக் கட்டினால்? (அதே விவசாயி)

உடையும்போது தண்ணீர் விழும் உயரம் கூடும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி தடம் மாறப் போகிறது என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவர், உதகை)

மாறாதபடி பிடித்து வைத்திருக்கிறார்கள் தம்பி. மிசிசிப்பியிலிருந்து பிரியும் அச்சாஃபலாயா என்ற கிளை, கடலைச் சேரப் பாதித் தூரத்துக்கும் குறைவாகவே ஓடுகிறது. குறைந்த தூரம் என்றால் கூடுதல் சரிவு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது ஆண்டுக்கு ஆண்டு அதிகத் தண்ணீரை இழுக்கத் தொடங்கியது. விட்டிருந்தால் மிசிசிப்பிக் கரை நகரங்களான பேட்டன் ரூஜும் நியூ ஆர்லியன்ஸும் நல்ல தண்ணீர் இல்லாத உப்பங்கழியில் நின்றிருக்கும். ஆகவே 1963-இல் கிளையின் தலைப்பில் கதவணை கட்டி, நூற்றுக்கு முப்பது பங்கு மட்டும் கிளைக்கு என்று வரையறுத்தார்கள். 1973 வெள்ளத்தில் அந்த அணையின் அடியிலேயே தண்ணீர் பெருங்குழி பறித்தது, பக்கச் சுவர் ஒன்றும் விழுந்தது. அணை எப்படியோ தப்பியது. 1986-இல் பக்கத்திலேயே துணை அணை ஒன்றைக் கட்டி முடித்தார்கள்.

நம் ஆறுகளில் இப்படி எதுவும் இல்லையே? என் பெண்ணைக் கொடுத்திருப்பது லால்குடியில், அதனால் கேட்கிறேன். (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், அரவங்காடு)

இல்லையா! மிசிசிப்பிக்காரர்கள் 1963-இல் செய்ததை முக்கொம்பில் 1836-இலேயே செய்தாயிற்று.

திருச்சிக்கு மேற்கே அந்த முக்கொம்பில்தான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கை காவிரி, வடக்குக் கை கொள்ளிடம். பெயர் காவிரிக்கு, சரிவு கொள்ளிடத்துக்கு. கொள்ளிடம் அகலமானது, நேரானது, தாழ்வானது; கடலுக்குச் சுருக்கமாகப் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணல் மேவி உயர்ந்துகொண்டே வந்தது. தண்ணீர் மேலும் மேலும் கொள்ளிடத்தில் சாய்ந்தது. தஞ்சை வயல்களின் வாய்க்கால்களோ காவிரிக் கையிலிருந்து பிரிபவை. இன்னும் சில காலம் அப்படியே போயிருந்தால் காவிரி மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓர் ஓடையாகச் சுருங்கியிருக்கும். வெள்ளத்தில் கரை உடைந்து ஊர் மூழ்கும் காட்சி எதுவும் இல்லாமலே, சத்தமின்றி ஓர் ஆறு தடம் மாறியிருக்கும்.

ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி அந்த இழுப்பை நிறுத்தினார். மருந்து அளவுக்கு மேல் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்: பிறகு காவிரிக் கையில் தண்ணீர் அதிகமாகிப் படுகை அரிக்கத் தொடங்கியது, அதன் தலைப்பிலும் தடுப்பு எழுப்ப வேண்டியதாயிற்று. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த பொறியாளர் என்னை அங்கே நிறுத்தி, ‘இது அணை இல்லை, தராசு’ என்றார். அந்த நாள் எனக்குப் புரியவில்லை.

2018 ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டபோது புரிந்தது. தண்ணீர் கொஞ்சமும் தயங்காமல் எந்தப் பக்கம் போயிற்று என்று பாருங்கள். இப்போது புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். உங்கள் சம்பந்தி வீட்டார் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறார்கள். வெள்ள நாளில் கரையோரம் போகவேண்டாம் என்பதற்கு மேல் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது தஞ்சைக் கடைமடைக்காரர்கள்தான்.

படுகை உயர்வதுதான் சிக்கல் என்றால், மணல் அள்ளுவது நல்லதுதானே? (லாரி வைத்திருப்பவர், மேட்டுப்பாளையம்)

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். வண்டல் மேவிய இடத்தில், அளந்து, அனுமதித்த ஆழம் மட்டும் எடுப்பது வேறு. பாலத்துக்கும் அணைக்கும் கீழே, லாரி இறங்க வசதியான இடத்தில் எடுப்பது வேறு. கீழே குழி விழுந்தால் அரிப்பு ஆற்றில் மேல்நோக்கி ஏறிவந்து கட்டுமானத்தின் அடியைத் தொடும். காவிரித் தலைப்பில் மணல் கூடி, கொள்ளிடத்தில் மணல் குறைந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாயாறும் பவானியும் தடம் மாறுமா? (மஞ்சூர்)

மலைக்குள் மாறாது. அவை நிலப் பிளவை ஒட்டிப் பாறையில் அறுத்துக்கொண்டு ஓடுபவை. பவானி முக்காலியில் சட்டென்று கிழக்கே திரும்புவதும் வெள்ளத்தின் விளையாட்டு அல்ல, அடிப்பாறையின் அமைப்பு.

வயநாட்டுச் சூரல்மலையில் ஆறு தடம் மாறியதே? நாங்கள் இருப்பது அங்கிருந்து அதிகத் தூரமில்லை. (சேரம்பாடி)

உண்மை. அது வேறு வகை. 2024 ஜூலை 30 அன்று, சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கிய சரிவு பாறையும் மரமும் சேறுமாகப் புன்னப்புழை ஆற்றின் பள்ளத்தில் இறங்கியது. சமவெளியில் பல பத்தாண்டுகளில் படியும் மண் அங்கே சில நிமிடங்களில் வந்து அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த தண்ணீர் ஊருக்குள் வழி பார்த்தது. பெரிய ஆற்றில் கரையைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஓடையில் மேலே உள்ள சரிவைக் கவனியுங்கள். கனமழையின்போது ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். மேலே எங்கோ அடைத்திருக்கக்கூடும். உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

எங்கள் மனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். எத்தனையோ வருடமாகத் தண்ணீர் வந்ததில்லை. வீடு கட்டலாமா? (குன்னூர்)

கட்டாதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மழைக்கு முன்பும் பல பள்ளங்கள் காய்ந்துதான் கிடந்தன.

தடம் மாறிய ஆறு பழைய பாதைக்குத் திரும்புமா? (ஆசிரியை, குன்னூர்)

திருப்பினால் திரும்பும். மஞ்சள் ஆற்றின் கரையை 1938-இல் ஜப்பானியப் படையைத் தடுக்கச் சீன ராணுவமே உடைத்துவிட்டது; அதைப் பழைய பாதைக்குத் திருப்ப 1947 ஆயிற்று. கோசியின் உடைப்பைச் சில மாதங்களில் அடைத்தார்கள். ஆற்றைத் திருப்பிவிட்டார்களே தவிர, அது வயலில் கொட்டிய மணலைத் திருப்ப முடியவில்லை. நெல் விளைந்த இடத்தில் மணல்மேடு. வரப்பு எங்கே போனது, யார் நிலம் எதுவரை என்பதையே முதலில் தேடவேண்டியிருந்தது.