‘மதுரைக்குக் கொண்டு போங்க’

அன்புள்ள அண்ணா,

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். மாமாவுக்கு 71 வயது. பைபாஸ் செய்ய வேண்டும். சர்க்கரை உண்டு, சிறுநீரகமும் சரியில்லை. இரண்டு ஆஸ்பத்திரியில் ‘ரிஸ்க் அதிகம்’ என்று கைவிரித்துவிட்டார்கள். எந்த சர்ஜன் கையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அரசே பெயர் போட்டு வெளியிட்டால், நல்லவரைத் தேடிப் போகலாம் அல்லவா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கோபம் நியாயமானதுதான். ஆனால் அப்படி ஒரு பட்டியல் இருந்தால், மூன்றாவது இடத்திலும் மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் பைபாஸ் மரணக் கணக்கு 1991-இல் சர்ஜன் பெயரோடு வெளியே வந்தது. நன்மையும் நடந்தது, அங்கே பைபாஸ் மரணங்கள் குறைந்தன. நோயாளியின் வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றுக்கும் சலுகை கொடுத்துத்தான் கணக்கே போட்டார்கள். அப்படியும் சர்ஜன்களுக்குப் பயம் போகவில்லை. இதேபோல் கணக்கு வெளியிட்ட பென்சில்வேனியாவில் இதய சர்ஜன்களைக் கேட்டு 1996-இல் வெளியான ஆய்வில், 63 சதவீதம் பேர் மிக மோசமான நிலையில் வருபவர்களுக்குக் கத்தி எடுக்க முன்பைவிடத் தயங்குவதாகச் சொன்னார்கள். பிறகு நியூயார்க்கே, மாரடைப்பில் ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் வருபவர்களை அந்தக் கணக்கிலிருந்து விலக்கியது.

நம் ஊரில் பட்டியல் இல்லை, செல்போன் இருக்கிறது. மண்டபத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு ராத்திரி வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. குடலில் ஓட்டை. முதலில் போன இடத்தில் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘மதுரைக்குக் கொண்டு போங்க’ என்று சீட்டு எழுதினார்கள். ராமநாதபுரத்தில் ஒரு சர்ஜன்தான் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “மதுரை வரைக்கும் தாங்க மாட்டார். இங்கேயே திறக்கிறேன், ஆனா டேபிள்லயே போனாலும் போயிடும், புரியுதா?” என்றார். புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் சித்தப்பா போய்விட்டார். சொந்தக்காரப் பையன் ஒருவன் அந்த சர்ஜனின் முகத்துக்கு நேரே போனை நீட்டி வீடியோ எடுத்தான். ‘கொன்னுட்டாங்க’ என்று அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. அவர் என்ன சொல்லிவிட்டு உள்ளே போனார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கவில்லை.

அடுத்த வருடம் பக்கத்து வீட்டுப் படகுக்காரருக்கு அதே வலி. அதே சர்ஜனிடம்தான் போனார்கள். இந்த முறை அவரும் மதுரைக்குச் சீட்டு எழுதிவிட்டார். பரமக்குடி தாண்டும்போது ஆம்புலன்சிலேயே மூச்சு நின்றுவிட்டது. அந்தச் சாவு எந்த சர்ஜன் கணக்கிலும் ஏறாது.

அதனால் கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. கவனக்குறைவு நடந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் தனி ஆளின் பெயரைவிட, ஆஸ்பத்திரியின் மொத்தக் கணக்கு வரட்டும். வந்தவர் எந்த நிலையில் வந்தார் என்பதும் சேரட்டும். முக்கியமாக, எத்தனை பேரைத் தொடாமலே திருப்பி அனுப்பினார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

சரி, மாமா விஷயத்துக்கு வருவோம். ‘ரிஸ்க்’ என்று சொன்னால், செய்தால் என்ன, செய்யாமல் விட்டால் என்ன என்று இரண்டையும் கேளுங்கள். பைபாஸ் முடியாதென்றால் ஸ்டென்ட் வைக்க வழி உண்டா, மருந்திலேயே சமாளிக்கலாமா என்றும் கேளுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள். ஆஞ்சியோ படம் இருக்கும் சிடியும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையின் கடைசி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.